காயில்காரர் வீட்டு அரிசி டின்

மாஸ்டர், நீங்கள் மேடையில் சொன்னது பொய்.

போன மாதம், கோவை காந்திபுரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர்கள் கூடிய விழா. தோளில் சால்வையோடு மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கணபதி ஏரியாவில் காயில்காரர் வீட்டு சர்வர் செத்துக் கிடந்தபோது நான்தான் அதற்கு உயிர் கொடுத்தேன்" என்றீர்கள். மண்டபமே கை தட்டியது. நான் நான்காவது வரிசையில் இருந்தேன். தட்டவில்லை. சாப்பிடாமல் வந்துவிட்டேன். எழுந்து நின்று கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குக் காயில்காரரைத் தெரியாது. முதலில் அவரைச் சொல்லிவிடுகிறேன்.

காயில்காரர் அளவுக்கு எதையும் நம்பாத மனிதர் நொய்யல் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் கிடையாது, அந்தப் பக்கமும் கிடையாது. வீட்டில் மூன்று சுவர்க் கடிகாரம் வைத்திருந்தார். ஒன்று மணி பார்க்க. இரண்டாவது, முதல் கடிகாரம் சரியா என்று பார்க்க. மூன்றாவது, முதலிரண்டுக்கும் சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல. கரண்ட் போய்விட்டது என்று தெருவே வாசலில் நின்று விசிறிக்கொண்டிருந்தாலும், டெஸ்டரைப் பிளக்கில் சொருகிப் பார்த்துவிட்டுத்தான் "போச்சுங்க" என்று ஒப்புக்கொள்வார்.

தொழில், எரிந்துபோன மோட்டார்களுக்குப் புதிதாகக் கம்பி சுற்றுவது. ரேஷன் கார்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. தெருவில் யாருக்கும் அது தெரியாது. கல்யாணப் பத்திரிகை உறையில்கூட 'காயில்காரர் குடும்பத்துக்கு' என்றுதான் எழுதுவார்கள். தபால்காரர் சரியாகக் கொண்டுவந்து கொடுப்பார். நான் அவர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஓர் அச்சகத்தில் புரூப் பார்க்கும் வேலை. அதனால் அவருக்கு நான் 'புரூப்பு'.

வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். வெளியே ஊர்த் தமிழ். ஆனால் அவர் மொழியைப் பிரித்திருந்த விதமே வேறு. மனிதர்களுக்கெல்லாம் தமிழில் 'ங்க'. கடன்கேட்டு வந்தவனுக்கும் ங்க, கதவை இடித்துவிட்டுப் போன லாரிக்காரனுக்கும் ங்க. அந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்து வைத்து மோட்டாரிடம் தெலுங்கில் கொட்டுவார். பட்டறையிலிருந்து "லேய்ரா! லேய்ரா!" என்று சத்தம் வந்தால், எழுந்திருக்காத ஏதோ ஒரு மோட்டாருக்கு வசவு நடக்கிறது என்று அர்த்தம்.

அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எரிந்த மோட்டாரைப் பிரிப்பதற்கு முன் அதன் ஜாதகத்தை எழுதவேண்டும். எத்தனை சுற்று, எந்தக் கேஜ் தடிமன் கம்பி, மோட்டாரின் உள்வட்டத்தில் எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகிறது. எழுதாமல் வெட்டிவிட்டால் அந்த மோட்டார் அநாதை. காயில்காரர் எழுதுவதோடு நிற்கமாட்டார். பழைய கம்பியில் ஒரு சுருள் வெட்டி, சீட்டுக் கட்டி ஆணியில் தொங்கவிடுவார். புதுக் காயில் ஒரு வருஷம் ஓடிய பிறகுதான் அந்தச் சுருளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவார். பட்டறைச் சுவர் முழுக்கச் செம்புச் சுருள்கள் தொங்கும். புதிதாக வந்தவர்கள் நகைக்கடை என்று நினைத்துக்கொள்வார்கள்.

இப்படி இருபத்திரண்டு வருஷம் எழுதிய நோட்டுகள் அவரிடம் இருந்தன. கோபியில், சத்தியமங்கலத்தில், எங்கே ஒரு அநாதை மோட்டார் வந்தாலும் பட்டறைக்காரர்கள் அவருக்குத்தான் போன் செய்வார்கள். நோட்டைப் புரட்டித் தேடிச் சொல்வதற்குள் எஸ்டிடி மீட்டர் சூடாகிவிடும். அதற்குத்தான் கம்ப்யூட்டர் வாங்கினார். தொண்ணூறுகளின் கடைசி அது.

சர்வர் என்றதும் பெரிய அலமாரியை நினைக்காதீர்கள். படுக்கையறையில், பீரோவுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவில் ஒரு பழைய 486 கம்ப்யூட்டர். பெட்டிக்கு மூடி கிடையாது. "மூடிப்போட்டா உள்ள என்ன நடக்குதுன்னு எப்படீங்க தெரியும்?" என்பார். அதிலிருந்து ஒயர் இழுத்துத் தெருவில் இருந்த மற்ற மூன்று பட்டறைகளுக்குக் கொடுத்திருந்தார். அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். வெளியூர்க்காரர்களுக்கு இவர் திரையைப் பார்த்துப் போனில் சொல்வார். உள்ளே ஓடியது லினக்ஸ் இயங்குதளம். ஆங்கிலக் கணினிப் பத்திரிகை ஒன்றோடு இலவசமாக வந்த சிடி.

அதைப் போட்டுக் கொடுத்தவர் நீங்கள்தான், மாஸ்டர். உங்கள் கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் ஆறு மாதம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தவரும் நீங்கள்தான். கைநீட்டி எதுவும் வாங்கவில்லை. அதை நான் மறைக்கமாட்டேன். ஆனால் நல்லது செய்தவர் பொய் சொல்லலாம் என்று சட்டம் எதுவும் கிடையாது. அதனால் மேலே சொல்கிறேன்.

அத்தனை நோட்டையும் அவர் ஒற்றை விரலால் தட்டி ஏற்றினார். இடது கைக்கு அந்த வேலையில் பங்கே இல்லை. ஏற்றி முடித்ததும் நோட்டுகளைத் தூக்கிப் போடவில்லை. மோட்டாருக்கு என்ன சட்டமோ அதேதான் கம்ப்யூட்டருக்கும். ஒரு வருஷம் ஓடட்டும் என்றார். ஒரு வருஷம் குறையில்லாமல் ஓடியது. அதன்பிறகுதான் நோட்டுகள் பழைய பேப்பர்காரரின் சாக்கில் ஏறின. சட்டப்படிதான் எல்லாம் நடந்தது.

இரண்டு மாதம் கழித்து நீங்கள் வந்தீர்கள்.

நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன். அவருடைய வீட்டம்மா கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டே திரையைப் பார்த்தீர்கள்.

"ஏனுங்க காயில்காரரே, இன்னும் பழைய வெர்ஷன்லயே ஓட்டீட்டு இருக்கறீங்க?"

"ஓடுதுங்களே மாஸ்டர்."

"ஓடுனாப் போதுமுங்களா? புதுசு வந்து எத்தன நாளாச்சு! அப்டேட் பண்ணிப்போடலாமுங்க. என்ற பையிலயே சிடி இருக்குது."

"பழச எங்கீங்க எடுத்து வெப்பீங்க?"

"அட, அதெல்லாம் அதுவே பார்த்துக்குமுங்க."

காயில்காரர் மூன்று கடிகாரத்தையும் ஒரு முறை பார்த்தார். வாழ்நாளில் முதல் தடவையாக ஒருத்தர் சொன்னதை அப்படியே நம்பினார். சொன்னவர் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் அல்லவா?

அரை மணி நேரம் எழுத்துகள் ஓடின. "முடிஞ்சுது" என்று அணைத்துப் போட்டீர்கள். அந்த மெஷின் எழும்போது திரையின் மூலையில் எல், ஐ, எல், ஓ என்று நான்கு எழுத்து ஒவ்வொன்றாக வரும். வந்தால் மற்றது தானாக நடக்கும். அன்றைக்கு எல் வந்தது. ஐ வந்தது. அதோடு நின்றது. மறுபடி போட்டீர்கள். எல், ஐ. இன்னொரு முறை. எல், ஐ. உங்கள் காப்பி டம்ளரில் ஆடை கட்டிவிட்டது.

"டிஸ்க்கு போயிருச்சுங்க. வியாழக்கிழமை வந்து ஃபார்மேட் அடிச்சுப் புதுசாப் போட்டுத் தாரேன்" என்றீர்கள்.

"ஃபார்மேட்டுன்னா, உள்ள இருக்கறதுங்க?"

"போகத்தான் செய்யும். அதான் பிளாப்பில காப்பி வெச்சிருக்கறீங்கல்ல?"

"வெச்சிருக்கறனுங்க."

வைத்திருந்தார். ஒன்றுக்கு இரண்டாக. மெஷின் எழாவிட்டால் எழுப்புவதற்கென்று ஒரு அவசர பிளாப்பியும் சேர்த்து. தூசி படாத இடம் என்று பட்டறை மேஜையின் இரும்பு இழுப்பறையில் பத்திரமாக வைத்திருந்தார். மறுநாள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு என் அச்சகத்துக்கே வந்தார். அங்கிருந்த டிடிபி கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் போட்டோம். முதல் பிளாப்பியைப் படிக்க முடியவில்லை. இரண்டாவதையும் முடியவில்லை. கடைசி வரைக்கும் எதையும் முடியவில்லை.

காயில்காரர் கடைசிப் பிளாப்பியைப் புரட்டிப் பார்த்தார். பிறகு இழுப்பறைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அவரே சொன்னார். மோட்டாரின் சுழலும் பாகமான ஆர்மேச்சரில் ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கிற மின்காந்தப் பெட்டி. உர்ரென்று உறுமும், பக்கத்தில் பிளேடைக் கொண்டுபோனால் துடிக்கும். ஒரு வருஷமாகத் தினமும் பத்து இருபது தடவை அதைப் போட்டிருக்கிறார், நேர் கீழே பிளாப்பிகளை வைத்துக்கொண்டு. காந்தத்தையே தொழிலாக வைத்திருந்த மனிதர், காந்தம் பிளாப்பியைத் துடைத்துவிடும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"என்ற கையாலயே அழிச்சுப்போட்டனுங்க, புரூப்பு" என்றார்.

இருபத்திரண்டு வருஷம் இப்போது ஒரே ஒரு டிஸ்க்கில் மட்டும் இருந்தது. அந்த டிஸ்க்கைத் துடைக்கத்தான், மாஸ்டர், நீங்கள் வியாழக்கிழமை வருவதாக இருந்தீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்ததைப் பார்த்து எனக்குப் பைத்தியம்தான் பிடித்தது. நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்தார். முனையை ஹார்ட் டிஸ்க்கின் மேல் வைத்தார். பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மோட்டாரில் பேரிங் போய்விட்டதா என்று அப்படித்தான் கேட்பார்களாம். மெஷினைப் போட்டார், அணைத்தார், போட்டார். பதினேழு தடவை. ஒவ்வொரு தடவையும் மணியைக் குறித்து 'எல், ஐ' என்று நோட்டில் எழுதினார்.

"எல்லாத் தடவையும் அதேதானே வருது, எதுக்குண்ணா பதினேழு தடவ எழுதறீங்க?" என்றேன்.

"பதினெட்டாவது தடவ மாறுச்சுன்னா, மாறுச்சுன்னு எப்படீங்க தெரியும்?"

பிறகு தீர்ப்புச் சொன்னார். "பேரிங் நல்லா இருக்குதுங்க. உள்ள படிக்கற முள்ளு நகருது. ஆறு தடவ டிக்குனு போயி நின்னுக்குது. முந்தியெல்லாம் நிக்காமக் கரகரன்னு ஓடும். இது எரியலீங்க புரூப்பு. போற வழி தெரியாம நிக்குது."

அந்த வாரம் முழுக்கப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. கோபிப் பட்டறைக்காரர் ஒருவர் தினமும் கூப்பிட்டார். "ஏனுங்கண்ணா, அந்த ஏழரை எச்.பி. மோட்டாரு. மொதல்ல பிரிச்சவன் எதுவும் எழுதி வெக்காம வெட்டிப்போட்டானுங்க. வாழை தார் தள்ளி, தண்ணியில்லாம நிக்குது. தோட்டத்துக்காரரு காத்தாலருந்து என்ற பட்டறை வாசல்லயே உக்காந்திருக்கறாருங்க."

"என்ற மெஷினுக்கு ஒடம்பு சரியில்லீங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்கச் சொல்லுங்க" என்பார். போனை வைத்துவிட்டு மெஷினைப் பார்த்துத் தெலுங்கில் இரண்டு வார்த்தை. அவற்றை இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை வந்தது. உங்களிடம் "வேண்டாம்" என்று அவரால் சொல்ல முடியாது. அது எனக்குத் தெரியும். ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தவரிடம் வேண்டாம் என்று சொல்லும் வார்த்தை அவர் தமிழிலேயே கிடையாது. "நான் சொல்லட்டுமாண்ணா?" என்றேன். "கம்முனு இருங்க. மாஸ்டரு மனசு சங்கடப்படும்" என்றார். சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நீங்கள் வந்தீர்கள். காப்பி குடித்தீர்கள். சிடியைப் போட்டீர்கள். பெட்டியைக் குனிந்து பார்த்தீர்கள்.

"காயில்காரரே, இதுல டிஸ்க்கையே காணோமுங்க!"

"அப்படீங்களா மாஸ்டர்?" அவரும் குனிந்து பார்த்தார். "அதானுங்க எந்திரிக்க மாட்டீங்குதாட்ட இருக்குது."

"எங்கீங்க போச்சு?"

"இங்கதானுங்க இருந்துது." பீரோவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடினார். தையல் மெஷினைத் திறந்து தேடினார். உங்களையும் கட்டிலுக்கு அடியில் தேடவைத்தார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் மாடிக்கு ஓடிவிட்டேன். நீங்கள் வேட்டியில் ஒட்டடையோடு போன பிறகு, அவருடைய வீட்டம்மா சாயங்காலச் சமையலுக்கு அரிசி டின்னைத் திறந்து படியை விட்டார். டொக்கென்று சத்தம். அவர்கள் தெலுங்கில் பேசிக்கொண்டதைத் தமிழில் தருகிறேன்.

"அரிசிக்குள்ள கல்லு இருக்கும். இரும்பு இருக்குமுங்களா? இத ஆரு வெச்சது?"

"அம்மணி, அதப் பையப் புடி. அதுல கோயமுத்தூர் மோட்டாரு பூராவும் இருக்குது."

பாலிதீன் கவரில் சுற்றி, பழைய வேட்டியில் பொதிந்து, நடு அரிசியில் புதைத்திருந்தார். மாஸ்டர், நீங்கள் கட்டிலுக்கு அடியில் தேடியது அங்கே இருந்தது. இன்றைக்குத்தான் உங்களுக்குத் தெரிகிறது.

அடுத்த மூன்று நாள் நான் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். பெருமைக்காக அல்ல. யார் செய்தது என்று பதிவாகட்டும். அந்த இலவச சிடியை அச்சகத்து மெஷினில் போட்டுப் பார்த்தேன். உள்ளே ஆங்கிலத்தில் விளக்கங்கள் இருந்தன. மெஷினை எழுப்பும் பகுதியைப் பற்றிய பக்கங்களை அச்செடுத்துக் கொண்டுவந்தேன். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆங்கிலத்தில் பிழை பார்க்கத் தெரியும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தமிழில் சொன்னேன். ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். 'எல், ஐ' என்று நின்றால் என்ன அர்த்தம் என்று அதிலேயே இருந்தது. எழுப்புகிற புரோகிராம் இரண்டு துண்டாக இருக்கிறது. முதல் துண்டு இரண்டாவதைத் தேடிப் போகிறது. அது இருந்த இடத்தில் இப்போது இல்லை. அப்டேட் செய்தால், புது இடம் இதுதான் என்று முதல் துண்டுக்கு ஒரு கட்டளை போட்டுச் சொல்லவேண்டும். சொல்லாமல் அணைத்தால் இப்படித்தான் நிற்கும்.

காயில்காரர் பென்சிலை வைத்தார். "அப்ப உள்ள எதும் எரியலீங்க. புதுக் காயில் கட்டிப்போட்டு, ஒயர் முனையப் பழைய எடத்துலயே உட்டுட்டுப் போயிட்டாங்க. அவ்வளவுதானுங்க."

ஒரு வாரமாகக் காதில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு அவர் சொன்னதும் அதேதான்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் அச்சகத்தில் புதிய அவசர பிளாப்பி ஒன்று தயார் செய்தேன். அதை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் பெரிய கதை. தெருவில் நான்கு பட்டறை. நான்கிலும் அந்த உறுமும் பெட்டி. காயில்காரர் வீடு வீடாகப் போய், "ஒரு பத்து நிமிசம் மெயின ஆஃப் பண்ணிக்கறீங்களா? நம்ம புரூப்பு பிளாப்பி கொண்டாறாரு" என்று கேட்டுக்கொண்டு வந்தார். பத்தடி தள்ளி நடந்தாலே போதும் என்று எனக்கே தெரியும். அவர் நம்பவில்லை. எவர்சில்வர் டிபன் டப்பாவில் பிளாப்பியை வைத்து, இரண்டு கையாலும் மார்போடு பிடித்துக்கொண்டு நான் நடுத்தெருவில் நடந்தேன். தெருவே கரண்ட் இல்லாமல் வாசலில் நின்று என்னைப் பார்த்தது. "சாமிக்குப் படையலுங்களா?" என்று ஒருத்தர் கேட்டார். "ஆமா" என்றேன். காயில்காரர் எல்லாப் பட்டறையிலும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எனக்குக் கை காட்டினார்.

டிஸ்க்கை அரிசி தட்டி மாட்டினார். பிளாப்பியைப் போட்டோம். நான் கட்டளைகளைப் படித்தேன். அவர் ஒற்றை விரலால் அடித்தார். ஒவ்வொரு எழுத்தையும் அடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிளாப்பி வழியாக டிஸ்க்கைத் திறந்ததும் அவருடைய பட்டியல் அப்படியே தெரிந்தது. அப்போதும் சிரிக்கவில்லை. கடைசிக் கட்டளையை அடித்தார். பிளாப்பியை எடுத்தார். அணைத்தார். போட்டார்.

எல். ஐ.

அவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

எல். ஓ.

ஸ்க்ரூ டிரைவரைக் காதிலிருந்து எடுத்தார். "ஓடுதுங்க" என்றார். கண்ணைத் துடைத்தாரா, காதைத் துடைத்தாரா என்று நான் பார்க்கவில்லை. நேராகக் கோபிக்குப் போன் போட்டார். "எழுதிக்குங்க. முப்பத்தாறு பள்ளம். காயிலுக்கு நாப்பத்திரண்டு சுத்து. பத்தொம்பது கேஜ், ரெட்டக் கம்பி. தோட்டத்துக்காரர முதல்ல காப்பி குடிக்கச் சொல்லுங்க." வாழை பிழைத்தது. நோம்பித் திருவிழாவுக்கு ஒரு தார் வந்தது. எனக்கும் ஒரு சீப்பு.

மறுநாள் பட்டறைக்குப் போக வேண்டியவர் உங்கள் நிலையத்துக்கு மைசூர்பாவோடு போனார். நானும் கூடப் போனேன். "நீங்க வந்துபோன நேரமுங்க மாஸ்டர், மெஷினு எந்திரிச்சிருச்சு" என்றார். அது மரியாதைக்குச் சொன்ன வார்த்தை. இந்த ஊரில் எல்லோரும் எல்லோரிடமும் சொல்கிற வார்த்தை. அதை நீங்கள் நிஜம் என்று எடுத்துக்கொண்டீர்கள். இத்தனை வருஷம் வளர்த்து, போன மாதம் மேடையில் ஏற்றிவிட்டீர்கள்.

அதன்பிறகு காயில்காரர் என்ன செய்தார் தெரியுமா? லாங் சைஸ் நோட்டுகள் வாங்கினார். திரையைப் பார்த்து ஐந்து மாதம் அத்தனையையும் மறுபடி கையால் எழுதினார். அவர் போன வருஷம் போய்விட்டார். நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. மூன்று கடிகாரத்தில் ஒன்றும் என்னிடம் இருக்கிறது. என் கைக்கடிகாரத்தைத் தினமும் அதோடு ஒத்துப் பார்க்கிறேன்.

மோட்டார்களுக்கு எழுதுவது போலவே அந்த மெஷினுக்கும் நோட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. 'பழுது: எல், ஐ-யில் நின்றது.' 'காரணம்: அதுவே பார்த்துக்கும் என்று நம்பியது.' 'தவறு யாருடையது:' என்ற இடத்தில், 'என்னுடையது' என்று எழுதியிருக்கிறார். உங்கள் பெயர் எங்கேயும் இல்லை, மாஸ்டர். அந்த ஒரு வரியில் மட்டும் அவர் தப்பாக எழுதிவிட்டார். மற்றதெல்லாம் சரி.

அவர் இருந்திருந்தால், "உடுங்க புரூப்பு, மாஸ்டரு பாவம்" என்றிருப்பார். அவர் விடுவார். நான் விடமாட்டேன். பத்திரிகை ஆசிரியரிடம் கேட்டுவிட்டேன், இதே பக்கத்தில் உங்களுக்கு இடம் தருகிறார். அந்த மெஷினை எழுப்பியது யார், அழிக்க வந்தது யார்? பெயர் போட்டு, எல்லோரும் படிக்கும்படி, பதில் சொல்லுங்கள்.